14 வருஷம் ஷெட்டில் நின்ற அம்பாசடர்: அப்படியே எழுப்பலாமா, பிரித்துத்தான் ஆகவேண்டுமா?

காரைக்குடி_67

வண்டி 1978 அம்பாசடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். ஷெட்டில் நின்று 14 வருஷம் ஆகிறது. நிறுத்தும்போது ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், டேங்கில் பாதி பெட்ரோல், ஹேண்ட் பிரேக் போட்டபடி. இப்போது ஸ்டார்ட்டிங் ஹேண்டில் அசையவே இல்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் ஃபுல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. ஒரு மெக்கானிக், "பிளக் ஓட்டையில டீசல் ஊத்தி ரெண்டு நாள் விட்டு, கியர்ல போட்டு இழுத்தா விட்டுடும்" என்கிறார். இன்னொருவர், "எஞ்சினை இறக்கு, போர் போடு, அப்புறம் பேசலாம்" என்கிறார், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச் சொல்கிறார். எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

கியரில் போட்டு இழுக்கும் வேலை வேண்டவே வேண்டாம் சார். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி சக்கரம் வழியாக கிராங்கைத் திருப்பினால், பிடித்திருப்பது ரிங்கா வால்வா என்று பார்க்காது. ரிங் உடையும், பிஸ்டனில் ரிங் உட்காரும் கரை பெயரும், வால்வைத் தள்ளும் புஷ் ராடு வளையும். எஞ்சினை இறக்கவும் தேவையில்லை. அம்பாசடரின் பி-சீரிஸ் எஞ்சினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) வார்ப்பிரும்பு, ஹெட்டும் (அதன் மேல்மூடி) வார்ப்பிரும்பு. சும்மா நின்றதற்காகப் பாழாகிற சரக்கு இல்லை.

ஆயில் மட்டம் ஏறியிருப்பதை முதலில் பாருங்கள். சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) டிரெயின் நட்டை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் இருந்தால் அதுதான் முதலில் வடியும். தண்ணீர் இல்லாமல் பெட்ரோல் வாடை அடித்தால் ஃபியூவல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து சம்ப்பில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரே வந்தால் ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் வரும், அப்போது கீழே நான் சொல்வதை நிறுத்தி வையுங்கள்.

ஆயில் சுத்தமாக இருந்தால், நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி விடுங்கள். அசிட்டோன் ஆவியாகிவிடும் என்பதால் தினமும் புதிதாகக் கலந்து நாலைந்து நாள் தொடருங்கள். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. பெயின்ட் மேல் சிந்தினாலும் உரியும். பிறகு ஹேண்டிலில் மெதுவாக எடை கொடுங்கள், ஆனால் மேலே ஏறி நிற்காதீர்கள். ஹேண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும், பின்னோக்கித் திருப்ப உதவாது. அதற்கு, பிரேக்கை விடுவித்தபின் டாப் கியரில் போட்டு, பிளக் இல்லாத நிலையில், இரண்டு பேர் கையால் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். கை பலத்துக்கு ஒரு எல்லை இருப்பதுதான் இதில் பாதுகாப்பு.

லேத்_தம்பி

அண்ணன் சொன்ன கலவை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுழல ஆரம்பித்துவிட்டால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது ஆபத்து.

நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு வால்வாவது திறந்தே இருக்கும். மழைக்கால ஈரக் காற்று கார்ப்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ அந்த ஒரு சிலிண்டருக்குள் போய்விடும். மற்ற சிலிண்டர்கள் பளபளவென்று இருக்க, அதில் மட்டும் பிஸ்டனுக்கு மேலே துரு கட்டும். நீங்கள் ஊறவைத்துத் திருப்பினால், அந்தத் துருத்தூளை ரிங் உரசிக்கொண்டே மேலே போகும். மணல்தாள் வைத்துத் தேய்ப்பதுதான் அது. பிறகு எஞ்சின் ஓடும், புகையும், ஆறு மாதத்தில் ஆயில் குடிக்கும்.

ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டரைக் கண்ணால் பார்க்கலாம், துருவை 600 நம்பர் தாளும் எண்ணெயும் வைத்துக் கையால் எடுக்கலாம், தூளைத் துடைத்து வெளியே கொண்டுவரலாம். ஒரு காஸ்கெட் செட், ஒரு பகல் வேலை. துரு குழி விழுந்திருந்தால் போர் போடுவதா, உள்ளே புது உருளை (ஸ்லீவ்) போடுவதா என்று அப்போதே முடிவாகிவிடும்.

பட்டறைக்காரன்

ஒரு பகல் வேலை என்று நீங்கள் சொல்வது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு. 14 வருஷம் வெறும் தண்ணீர் நின்ற பிளாக்கில் ஹெட் ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கும் மரை கம்பி) துருப்பிடித்து ஹெட்டோடு கடித்திருக்கும். நட்டைத் திருகும்போது ஸ்டட் முறுகி உடைந்தால் டிரில் போட்டு எடுக்க வேண்டும். டிரில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிளாக்கின் மரை போச்சு.

பார்ப்பதற்கு ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. செல்போனில் சொருகும் கேமரா கடையில் கிடைக்கிறது, தலை 5.5 மில்லிமீட்டர். பிளக் ஓட்டை 14 மில்லிமீட்டர். துரு மெல்லிய பழுப்புப் படலமா, தடித்த வளையமா என்று அதிலேயே தெரியும். படலம் என்றால் ஊறவைக்கலாம். வளையம் என்றால் நீங்கள் சொல்வதுதான் வழி, அதில் எனக்கு வாதம் இல்லை.

நாலாம்கியர்

இருவரும் சிலிண்டரையே பேசுகிறீர்கள். ஜாம் ஆகாத எஞ்சினைக்கூட வால்வு கெடுத்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு தண்டு கைடுக்குள் (தண்டு நகரும் குழாய்) துருவோடு ஒட்டியிருந்தால், கேம் தூக்கியதும் திறந்து, ஸ்பிரிங் இழுத்தும் மூடாமல் நிற்கும். அடுத்த சுற்றில் பிஸ்டன் மேலே வந்து அதை மோதலாம். தூக்கும்போதே கடித்துக்கொண்டால் புஷ் ராடு வளையும்.

ஆகவே எஞ்சின் மேலுள்ள டேப்பட் மூடியைத் திறந்து, எட்டு கைடிலும் மெல்லிய ஆயில் விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். புஷ் ராடுகளை எடுத்துவிட்டு எஞ்சினைத் திருப்புவது இன்னும் நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை: அதற்காக ராக்கர் ஷாஃப்டை (வால்வை அமுக்கும் ராக்கர்கள் கோத்த தண்டு) அவிழ்க்காதீர்கள். இந்த எஞ்சினில் ராக்கர் ஷாஃப்ட் நட்டுகளில் நாலு, ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளும்கூட. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு, நல்ல காஸ்கெட்டும் ஒழுகும். டேப்பட் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, ராக்கரைப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, புஷ் ராடை உருவிவிடலாம். ஓரத்து ராக்கருக்கு இடம் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு அந்த வால்வை மட்டும் கவனமாகப் பாருங்கள். எடுத்த ராடுகளை அட்டையில் எண் போட்டுக் குத்தி வையுங்கள். எது எங்கே இருந்ததோ அங்கேயே போக வேண்டும்.

லேத்_தம்பி

இது நல்ல குறிப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கேமரா விட்டு, புஷ் ராடு உருவி, வால்வை ஒவ்வொன்றாகத் தட்டி, ஐந்து நாள் ஊறவைத்து... இவ்வளவும் ஹெட்டைக் கழற்றாமல் இருப்பதற்காக. கழற்றி மேஜையில் வைத்தால் வால்வை உருவி, தண்டைத் துடைத்து, உரசி உட்காரவைத்துவிடலாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. 1978 ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் வெறும் வார்ப்பிரும்பு. ஈயமில்லாத பெட்ரோலில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட் வெளியே இருக்கும்போதே கெட்டியான சீட் இன்சர்ட் போட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

கோவை_ரைடர்

எஞ்சின் ஃப்ரீ ஆனதும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில் மிஷின் வைத்து ஆயில் பம்பைச் சுழற்றினால் பேரிங்குக்கு முன்கூட்டியே ஆயில் போய்விடுமே? வெளிநாட்டு வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, டீசல் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டினால் கசடும் போகும்.

நாலாம்கியர்

தம்பி, அது அமெரிக்க வி8 எஞ்சின்களுக்கு. அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடியில்தான் ஆயில் பம்ப் இருக்கும். பி-சீரிஸில் பம்புக்குக் கேம் ஷாஃப்டிலிருந்து தனி டிரைவ். டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டையில் டிரில் விட்டால் பம்ப் சுழலாது. இதற்கு வழி: புது ஃபில்டரை மாட்டுமுன் முடிந்த அளவு ஆயில் நிரப்பி, பிளக் இல்லாமல், காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபில் (ஸ்டார்ட்டர் மோட்டார்) பத்து பத்து விநாடியாகச் சுழற்றுங்கள். நடுவே ஒரு நிமிஷம் மோட்டார் ஆறட்டும். பிரஷர் முள் எழும்பும் வரை, விளக்கு என்றால் அணையும் வரை, பிளக்கைத் தொடாதீர்கள். எழும்பவே இல்லையென்றால் பம்ப் வறண்டிருக்கிறது. பிரஷர் சுவிட்ச் துளை வழியாக ஆயில் கேனால் ஆயிலைத் தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள்.

டீசல் ஊற்றி ஓட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பேரிங்கில் மிச்சமிருக்கும் ஆயில் படலத்தையும் அது கழுவிவிடும். சம்ப்பின் அடியில் கெட்டியாகப் படிந்த கசடு கட்டிகட்டியாகக் கிளம்பி ஸ்ட்ரெய்னரை (பம்பின் வடிகட்டி வலை) அடைக்கும்.

பட்டறைக்காரன்

சம்ப் விஷயத்தில் நான் நாலாம்கியர் பக்கம். அதைக் கழற்றத்தான் வேண்டும். கசடைக் கரண்டியால் வழித்து, ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மாட்டும்போது முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பில் உட்காரும் கார்க் சீலைப் புதிதாகப் போடாவிட்டால் ஆயில் ஒழுகும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். முதல் ஆயிலை 200 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், ஃபில்டரோடு.

தார்ச்சாலை

எஞ்சினை ஓடவைப்பதிலேயே எல்லோருடைய கவனமும் இருக்கிறது. ஓடுகிற வண்டி நிற்க வேண்டாமா? எனக்குக் கேட்டால் முதல் ரூபாய் பிரேக்குக்குத்தான்.

நாலு சக்கரமும் டிரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், 14 வருஷத்தில் அது வீல் சிலிண்டரின் சுவரை அரித்துக் குழியாக்கியிருக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் கிட் போட்டால் ஒரு வாரம் தாங்கும், பிறகு ஒழுகும். சிலிண்டரையே மாற்றுங்கள். வளையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, ஓடும்போதே பிரேக் பிடித்துக்கொண்டு டிரம் கொதிக்கும். ஒட்டிக்கொண்ட டிரம்மை நெம்பாதீர்கள், அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்திவிட்டு விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். சிஸ்டத்தைக் கழுவ டீசலோ எஞ்சின் ஆயிலோ ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது, எல்லா ரப்பரும் ஊதிவிடும். டாட் 3 பிரேக் ஆயிலையே விட்டுக் கழுவுங்கள்.

டயரில் பட்டன் மிச்சமிருக்கிறது என்று பழைய 5.90-15 டயரிலேயே சாலைக்குப் போகாதீர்கள். பக்கச்சுவர் வெடித்திருக்கும்.

காரைக்குடி_67

டேங்க் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறது. வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினால் போதுமா? இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்ததுதானே.

தார்ச்சாலை

போதாது. டேங்கை இறக்க வேண்டும். எத்தனால் பழைய கோந்தையும் துருவையும் கரைத்துக் கிளப்பும், அது பம்பிலும் கார்ப்பரேட்டர் ஜெட்டிலும் போய் உட்காரும். உள்ளே பாஸ்பாரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கழுவி, அன்றே சூடுகாற்றில் காயவையுங்கள். ஓட்டை இருந்து பற்றவைக்க வேண்டுமானால், காலி டேங்கை வெல்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். பெட்ரோலைவிடப் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வு நுனி மூன்றும் எத்தனால் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அதே காற்றில் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும், இல்லாவிட்டால் கலவை மெலிந்து வால்வு காயும். சோலெக்ஸ் கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட் 115 இருந்தால் 120 போட்டுப் பிளக் நிறம் பாருங்கள்.

லேத்_தம்பி

டேங்குக்குள் ரெசின் பூசினால் துரு வராதே?

தார்ச்சாலை

துரு சுத்தமாகப் போகாமல் பூசினால் எத்தனால் அடியில் புகுந்து ஏடு ஏடாக உரியும். உரிந்ததை எடுக்க டேங்கை வெட்டத்தான் வேண்டும். டேங்க் சல்லடையாக இருந்தால் புதுசாகச் செய்துகொள்ளலாம், பூச்சு வேண்டாம் என்பது என் கருத்து.

காரைக்குடி_67

சம்ப்பைத் தளர்த்திப் பார்த்தேன். முதலில் தண்ணீர்தான் வந்தது, கால் லிட்டருக்கு மேல். பிறகு ஆயில். ரேடியேட்டர் காலி.

லேத்_தம்பி

அப்படியானால் விவாதம் முடிந்தது. ஹெட் கழற்ற வேண்டியதுதான். காற்றின் ஈரத்தில் கால் லிட்டர் சேராது.

பட்டறைக்காரன்

சேராதுதான். ஆனால் காஸ்கெட்தானா என்று தெரிந்துகொண்டு கழற்றுங்கள். பிளாக்கிலேயே விரிசல் இருந்தால் காஸ்கெட் செட்டும் கூலியும் வீண். பிளக்குகளைக் கழற்றி, டிரெயின் நட்டை எடுத்துவிட்டு, ரேடியேட்டரை நிரப்புங்கள். பழைய மூடி ஒன்றில் டியூப் வால்வு பொருத்தி, சைக்கிள் பம்பால் 7 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். அதற்கு மேல் போனால் ரேடியேட்டர் சால்டரிங் விடும். காலையில் கேமராவை நாலு சிலிண்டரிலும் விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் தண்ணீர் என்றால் நடுவில் காஸ்கெட். ஒரே சிலிண்டரில் என்றால் காஸ்கெட்டாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். சிலிண்டர்கள் காய்ந்திருந்து சம்ப்பில் மட்டும் சொட்டினால் புஷ் ராடு பக்கமாகக் காஸ்கெட் விட்டிருக்கலாம், பிளாக்கும் பிளந்திருக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் வெல்ச் பிளக்குகள் (வார்ப்பு ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) ஈரமா என்றும் பாருங்கள், துருவில் அவைதான் முதலில் ஓட்டையாகும்.

நாலாம்கியர்

ஹெட் எடுக்க முடிவானால் அன்றே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஆயில் விட ஆரம்பியுங்கள். மூன்று நாள், காலை மாலை. தளர்த்தும்போது ஒரே நட்டை ஒரேயடியாகத் திருகாமல், எல்லாவற்றையும் கால் சுற்று கால் சுற்றாக. கட்டியபின் டேப்பட், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வைச் செட் பண்ணுங்கள்: எட்டு திறந்திருந்தால் ஒன்று, ஆறு என்றால் மூன்று. 500 கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் நட்டை மறுபடி டைட் பார்த்து, டேப்பட்டையும் மறுபடி பாருங்கள்.