மினியேச்சர் ஃபர்னிச்சர்: 'ஒப்பளவுச் சிற்றுரு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். அசல் மரச்சாமானை விகிதம் மாறாமல் சிறிதாக்கிச் செய்வதுதான் மினியேச்சர் ஃபர்னிச்சர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பொம்மை மரச்சாமான் என்றே சொல்லலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பொம்மைச் சாமான் நாற்காலி போலத் தெரிந்தாலே போதும். நாம் பெயர் தேடும் பொருளில் இழுப்பறை இழுத்தால் வர வேண்டும், அதன் மூலையில் இணைப்பு வெட்டியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லுட்யென்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்த, பிரிட்டிஷ் ராணி மேரியின் சிற்றளவு வீட்டுக்குப் 'பொம்மை வீடு' என்றுதான் பெயர். ஆனால் அதன் குழாயில் தண்ணீரே வரும். சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள, சிற்றளவில் செய்த 68 தார்ன் அறைகளையும் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> சிற்றறைகலன்

அறைகலன் என்றால் ஃபர்னிச்சர், அதனால் இலக்கணப்படி சரிதான். ஆனால் சிறு + அறைகலன் என்று பிரிப்பதற்குள் கண் அதைச் சிற்றறை + கலன் என்று படித்துவிடுகிறது. சின்ன அறைக்கான சாமான் என்று பொருள் மாறிவிடும். 'குறு' சேர்த்தால் குற்றறைகலன். குற்றம் முன்னால் வந்து நிற்கிறது. 'நுண்' என்றாலோ உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும் பொருள் போல ஆகிவிடும்.

என் பரிந்துரை: ஸ்கேலுக்கு ஒப்பளவு, மினியேச்சருக்குச் சிற்றுரு. சேர்த்துச் சொன்னால் ஒப்பளவுச் சிற்றுரு. எந்தச் சாமான் என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: நாற்காலிச் சிற்றுரு, அலமாரிச் சிற்றுரு.

'ஒப்பளவு' வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் இந்தக் கைவேலையே அதில்தான் நிற்கிறது. 1:12 என்றால் அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது முக்கால் அங்குலப் பலகை சுமார் 1.6 மில்லிமீட்டராக வேண்டும். பலகையை அப்படி இழைத்துவிடலாம். மரத்தின் ரேகையை என்ன செய்வது? அசல் மேசை ஓக் மரம் என்பதால் சிற்றுருவையும் ஓக்கில் செய்தால், அதன் துளைகளும் வரிகளும் பன்னிரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதனால்தான் பேரி, செர்ரி, பாக்ஸ்வுட் போன்ற நெருக்கமான இழையுள்ள மரங்களை எடுத்து, ஓக்கின் நிறத்தை ஏற்றுகிறார்கள். இதை ஒரே வரியில் சொல்ல நமக்குச் சொல் வேண்டும்: "இந்த மரத்தின் ரேகை ஒப்பளவில் இல்லை." தடித்துப்போன வார்னிஷுக்கும், பெரிதாகத் தெரியும் கீலுக்கும் இதே வாக்கியம் பொருந்துகிறது. ஒரு கலைச்சொல் இப்படி வேலை செய்தால்தான் பட்டறையில் புழங்கும்.

'பீரியட் ஸ்டைல்' பற்றிச் சுருக்கமாக: 'பழங்காலச் சாமான்' என்பது ஆன்டிக்குக்குப் போய்விடும். இன்று செய்து, பாணி மட்டும் பழையதாக இருப்பதற்குக் 'காலப்பாணி' போதும். குவீன் ஆன் என்பது பழைய ஆங்கிலேயப் பாணி ஒன்று; குவீன் ஆன் காலப்பாணி நாற்காலிச் சிற்றுரு என்று சொல்லிப் பாருங்கள், நீளம்தான், ஆனால் இடறவில்லை.

> ஹாஃப் ஸ்கேல் = அரை அளவு

இதை மட்டும் ஏற்கவே கூடாது. ஹாஃப் ஸ்கேல் என்பது 1:24. அசலின் ஒவ்வோர் அடிக்கும் சிற்றுருவில் அரை அங்குலம் என்பதால் வந்த பெயர். 'அரை அளவு' என்று படிப்பவர் அசலில் பாதி என்று எண்ணி மரத்தை அறுத்துவிடுவார். 1:12ஐ 'அங்குல ஒப்பளவு', 1:24ஐ 'அரை அங்குல ஒப்பளவு', 1:48ஐக் 'கால் அங்குல ஒப்பளவு' என்று வைத்துக்கொள்வோம். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.