இன்டர்ன்ஷிப்போடு ரிசேர்ச்சும் செய்ய முடியுமா?

மலைநாட்டு_இன்டர்ன்:
டொக்டர் படிப்பு முடித்து நுவரெலியா மாவட்டத்தில் இன்டர்ன் செய்கிறேன். மெடிசின் ஆறு மாசம் முடியப்போகிறது, அடுத்தது கைனி (மகப்பேறும் பெண் நோயியலும்). இங்கிலாந்தில் ஃபவுண்டேஷன் (படிப்பு முடிந்ததும் செய்யும் இரண்டு வருஷப் பயிற்சி) இரண்டாம் வருஷத்திலேயே ஆய்வுக்கென்று நாலு மாசம் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. இங்கே ஒன்கோல் (அழைப்புப் பணி) முடிந்து குவாட்டர்ஸுக்கு வந்தால் சாப்பிடக்கூட மனம் வருவதில்லை. எம்.டி. மேற்படிப்புக்குப் போகும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டுமா?

ஹட்டன்_அக்கா:
தம்பி, இன்டர்னில் முழு ஆய்வில் இறங்க வேண்டாம். இங்கிலாந்தில் நடக்கிறதென்றால் நேரத்தை ரோஸ்டரிலேயே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கு மேலே அகாடமிக் கிளினிக்கல் பெலோஷிப்பிலும் (நிபுணத்துவப் பயிற்சியோடு ஆய்வும் செய்யும் இடம்) கால்வாசி நேரம் ஆய்வுக்குத்தான், டொக்டர்மாரின் ஆய்வுப் பயிற்சி பற்றி 2005இல் வந்த வோல்போர்ட் அறிக்கைக்குப் பிறகு போட்ட ஏற்பாடு அது. நமக்கு யார் தருவார்? ஒரு சின்ன ஆடிட் போதும், அதாவது செய்ய வேண்டியதைச் செய்கிறோமா என்று பதிவுகளில் சரிபார்ப்பது. கைனிக்குத்தானே போகிறீர்கள், தேயிலைத் தோட்டத்துத் தாய்மாருக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று ரிப்போர்ட் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று டிக்கெட்டில் (நோயாளியின் வார்டுப் பதிவேட்டில்) இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள். வி.ஓ.ஜி.யிடம் (மகப்பேற்று நிபுணரிடம்) முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேராதனை_பழசு:
பிரசுரிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் டேட்டா எடுக்கும் முன்பே எதிக்ஸ் குழுவிடம் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வாங்குங்கள். எடுத்து முடித்துவிட்டுப் போய் நின்றால் தரமாட்டார்கள். மருத்துவ பீடத்தில் ஒரு விரிவுரையாளரை மேற்பார்வைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை போனில் படம் பிடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கொழுந்துக்காரி_மகள்:
பிறகு ஃபாலோ-அப் வைத்து ஏதாவது செய்வதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். கிளினிக்குக்கு வா என்று பகலில் கூப்பிட்டால் எங்கள் அம்மாமாருக்கு அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும், கங்காணி மனசு வைத்தால் அரைப் பேர். வராதவர்களை 'லொஸ்ட் டு ஃபாலோ-அப்' (தொடர்பு விட்டுப்போனவர்) என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். கொழுந்து நிறுக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். சம்மதப் படிவத்தையும் அப்படியே நீட்டாதீர்கள், அதில் இருப்பது புத்தகத் தமிழ். உட்காரவைத்து வாயால் சொல்லுங்கள், சிங்கள டொக்டர்மார் பலருக்கு முடியாத வேலை அது.

மலைநாட்டு_இன்டர்ன்:
சரி அக்கா, ஆடிட்டோடு தொடங்குகிறேன். பழைய டிக்கெட்டுகளைப் பார்க்க யாரிடம் கேட்பது?

ஹட்டன்_அக்கா:
ஆஸ்பத்திரித் தலைமைக்கு ஒரு கடிதம், வி.ஓ.ஜி. கையெழுத்தோடு. அப்புறம் ரெக்கார்ட் ரூமில் இருப்பவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், கட்டு எங்கே கிடக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும்.