ஸ்டீரிங் நடுங்குது, கேப் டவுன் போற வழில நிக்கிறோம், யாராவது சொல்லுங்க

கடல்காத்து | ஞாயிறு காலை 10:12
வணக்கம் மக்களே, அவசரம். ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் டர்பன்ல இருந்து கேப் டவுன் போயிட்டிருக்கோம், காலைல இருந்து ஸ்டீரிங் பயங்கரமா நடுங்குது, இப்ப ஒரு பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டி நிக்கிறோம். பங்க்ல இருக்கற தம்பி நாலு டயர்லயும் காத்து சரியா இருக்குன்னு சொல்றாரு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அங்க இருந்தாகணும். இப்படியே மெதுவா ஓட்டிட்டுப் போகலாமா? போன்ல சார்ஜும் கம்மியா இருக்கு, சீக்கிரம்.

நாலுசக்கரம் | 10:19
எந்த வண்டி? எந்த ஊர்ல நிக்கிறீங்க? எந்த ஸ்பீடுல நடுங்குது? பிரேக் புடிச்சா மட்டுமா, எப்பவுமேவா? ஸ்டீரிங்ல மட்டுமா, சீட்டுக்கு அடியிலயும் தெரியுதா? இது எதுவும் சொல்லலன்னா என்னன்னு சொல்றது ப்ரோ.

டர்பன்வாசி | 10:24
அலைன்மென்ட். வேற ஒண்ணும் கெடையாது. நான் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து 22 வருஷம், டர்பன்ல இருந்து கேப் டவுனுக்கு எத்தனை தடவை ஓட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. 1,600 கிலோமீட்டருக்கு மேல போறவன் வண்டிய காட்டிட்டுக் கெளம்ப வேணாமா, இந்த அடிப்படை கூட இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியல. இந்த ஃபோரத்துலயே பழைய இழைகள்ல தேடிப் படிங்க, எல்லாம் எழுதி வெச்சாச்சு.

ஜோபர்க்தமிழ் | 10:27
எனக்கென்னமோ பிரேக் டிஸ்க் வளைஞ்சிருக்கும்னு தோணுது. வான் ரீனன் கணவாய் ஏத்த எறக்கத்துல பிரேக் மேல கால வெச்சே ஓட்டிருப்பீங்க, சூடாகிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

கடல்காத்து | 10:38
சாரி சாரி. கோல்ஸ்பர்க்ல நிக்கிறோம். வாடகைக்கு எடுத்த ஏழு சீட்டர். 90 தாண்டினா நடுங்குது, பிரேக் புடிச்சாலும் புடிக்கலன்னாலும் ஒரே மாதிரிதான். ஸ்டீரிங்லதான், சீட்ல ஒண்ணும் இல்ல. கெளம்பறப்ப டர்பன் உம்கெனி ரோடு கோயில்ல எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டுதான் வந்தோம், வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நைட்டு ஹாரிஸ்மித் தாண்டி N5 நெடுஞ்சாலைல மழைல ஒரு பள்ளத்துல எறங்கிடுச்சு, அதுக்கப்புறம் ப்ளூம்ஃபான்டெயின் வரைக்கும் 70லயே வந்ததால ஒண்ணும் தெரியல.

நாலுசக்கரம் | 10:43
தம்பி அந்தப் பள்ளத்த மொதல்லயே சொல்ல வேணாமா!! இதுதான் விஷயமே. நல்லா கேட்டுக்கோங்க, வண்டிய எடுக்காதீங்க.
ஸ்டீரிங் நடுங்கினா பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டும் தரையும் நடுங்கினா பின்சக்கரம். அலைன்மென்ட் போனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும், இந்த மாதிரி ஸ்பீடு ஏறினதும் உதறாது. பள்ளத்துல எறங்கினா ரிம்மோட உள்விளிம்புதான் வளையும், வெளிய நின்னு பாத்தா தெரியவே தெரியாது. அதோட டயர் பள்ளத்தோட விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி பக்கச்சுவருக்குள்ள இருக்கற நூலு அறுந்திருக்கலாம். அறுந்தா அந்த எடத்துல முட்டை மாதிரி புடைச்சிக்கிட்டு நிக்கும், அங்க காத்தைத் தாங்கறது வெறும் ரப்பர் மட்டும்தான். காத்து சரியா இருக்குன்னு மீட்டர் காட்டும், அத நம்பி ஓட்டக் கூடாது.
ஸ்டீரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு வெச்சுட்டு, படுத்து உள்பக்கத்தப் பாருங்க, கையால தடவிப் பாருங்க. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ரிம் பக்கத்துல ஒரு குச்சிய அசையாம நட்டு வெச்சு சக்கரத்த சுத்துங்க. குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிக் கொறைஞ்சா ரிம் வளைஞ்சிருக்கு.

சாட்ஸ்வொர்த்அக்கா | 10:51
தம்பிங்களா, நாலுசக்கரம் சொல்றத கேளுங்க. என் தம்பிக்கு இதே ரோட்டுல ஹேனோவர் கிட்ட முன்டயர் வெடிச்சு வண்டி உருண்டுடுச்சு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. ஒரு வாரம் முன்னாடி பள்ளத்துல விட்டிருக்கான், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டான். உள்ள அஞ்சு பேர் இருக்கீங்க, லக்கேஜ் வேற, கரூ வறண்ட நிலத்து வெயிலு வேற.
வாடகை வண்டின்னா எதையும் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டு அவங்களுக்கு போன் போடுங்க. சாதாரண காப்பீட்டுல டயரும் ரிம்மும் பல சமயம் சேராது, ஒப்பந்தத்துல பாத்துக்கோங்க.

டர்பன்வாசி | 10:58
அதான் சொல்றேன், N2 ரோட்டுல போயிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. கடலோரமா ஜாலியா போகலாம். யாரு இவங்கள N5ல போகச் சொன்னது.

கரூபயணி | 11:04
N2 எங்கங்க கடலோரம் போகுது? போர்ட் ஷெப்ஸ்டன் தாண்டினதும் கடல விட்டு உள்ள ஏறி கோக்ஸ்டாட், ம்தாதான்னு மலைலதான் போகுது. ஈஸ்ட் லண்டன்லதான் திரும்பக் கடலப் பாப்பீங்க. அந்தப் பக்கம் ரோட்டோரத்துல வேலி கெடையாது, ஆடு மாடு நடுரோட்டுல நிக்கும், கெய் கட்டிங்ஸ் மலைப்பாதை வளைவுல லாரிக்குப் பின்னாடி மாட்டினா முடிஞ்சுது. பள்ளம் ரெண்டு வழியிலயும் இருக்கு.

டர்பன்வாசி | 11:09
ஈஸ்ட் லண்டனுக்கு அப்புறம் கார்டன் ரூட்னு கடலோர வழி இருக்கே, அதப் பத்தி பேச மாட்டீங்களே. நிஸ்னா, ஜார்ஜ் பக்கம் போயிருக்கீங்களா நீங்க?

கரூபயணி | 11:12
நாலு தடவை. அழகுக்குப் போறது வேற, நாளைக்குள்ள போய்ச் சேரணும்னு போறது வேற. கரூவுலயும் அழகு இருக்கு, த்ரீ சிஸ்டர்ஸ் மலைய காலை வெயில்ல பாத்திருக்கீங்களா?

ஜோபர்க்தமிழ் | 11:15
வழிச் சண்டைய வேற இழைல வெச்சுக்கலாமே, பாவம் பசங்க நடுவழில நிக்கிறாங்க. தம்பி, உங்க ஸ்டெப்னி புல் சைஸா, இல்ல மெலிசான டெம்பரவரி வீலா? மெலிசுன்னா பொதுவா 80 தாண்டக் கூடாது, அது மேலயே ஸ்பீடு எழுதிருக்கும். அத வெச்சு 780 கிலோமீட்டர் போக நெனைக்காதீங்க.

கரூபயணி | 11:21
கோல்ஸ்பர்க் N1 ரோட்டுல லாரிக்காரங்க நின்னு போற ஊரு, ஞாயித்துக்கிழமைன்னாலும் லாரி டயர் பாக்கறவங்க யாராவது இருப்பாங்க, அங்க நிக்கற டிரைவர்கள கேளுங்க. ஒண்ணு, அங்க பங்க்னு கேட்டா முழிப்பாங்க, கராஜ்னு கேளுங்க. வண்டி சரியானாலும் இருட்டறதுக்குள்ள எங்கயாவது தங்கிடுங்க. சாயங்காலம் 'கூடு'ங்கற மான் (kudu) குறுக்க பாயும், வேலியயே தாண்டிக் குதிக்கற ஜாதி அது, ஒரு கன்னுக்குட்டிய விட பெருசு, கண்ணாடிக்குள்ள வந்து விழும்.

நாலுசக்கரம் | 12:40
என்னாச்சு தம்பி? பாத்தீங்களா?

சாட்ஸ்வொர்த்அக்கா | 14:05
யாருக்காவது இவங்க நம்பர் தெரியுமா? மனசு கெடந்து அடிச்சுக்குது.

கடல்காத்து | 18:47
சார்ஜ் போயிடுச்சு சாரி. முன்னாடி லெஃப்ட் டயர், உள்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு புடைப்பு, ரிம்மும் வளைஞ்சிருந்துச்சு. வாடகைக்காரங்ககிட்ட கேட்டுட்டு ஸ்டெப்னி போட்டோம், புல் சைஸ்தான். நடுக்கம் நின்னுடுச்சு. இப்ப போஃபர்ட் வெஸ்ட்ல ரூம் போட்டாச்சு. நாலுசக்கரம் அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

சாட்ஸ்வொர்த்அக்கா | 18:52
முருகா. சாப்பிட்டுத் தூங்குங்க.

டர்பன்வாசி | 19:10
டயர் மாத்தினதும் அலைன்மென்ட் பாக்கணும்.

நாலுசக்கரம் | 19:14
அதுல நானும் உங்க கட்சிதான், கேப் டவுன் போனதும் பாத்துடுங்க. தம்பி, சக்கரம் கழட்டி மாட்டின பிறகு 50, 100 கிலோமீட்டர்ல வீல் நட்ட திரும்ப இறுக்கணும். நீங்க 320 ஓட்டிருக்கீங்க. இறுக்கினீங்களா?

நாலுசக்கரம் | திங்கள் காலை 6:30
கெளம்பறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டு பதில் போடுங்க தம்பி.