பேச்சிழந்த நோயாளியின் பதிலை அவரிடமிருந்தே பெறுவது எப்படி?

கேள்வி (நோயாளியின் மகள்)

என் தந்தைக்கு 68 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, வலக்கையும் வலக்காலும் செயலிழந்ததோடு பேச்சும் போய்விட்டது. பேச்சிழந்த இந்நிலையை அஃபேசியா என்கிறார்கள். நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி அவருக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்ல வந்த சொல் வருவதில்லை, வந்தாலும் வேறொன்றாக வருகிறது. மருத்துவரும் செவிலியர்களும் கட்டிலருகே நின்றுகொண்டு, "வலி இருக்கிறதா, தூங்கினாரா" என்று என்னிடமே கேட்கிறார்கள். நானும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். நேற்று நான் "வலி இல்லை" என்றதும் அவர் கட்டில் கம்பியை ஓங்கித் தட்டினார். அவர் சொல்லும் "ஆமாம்" என்பதையும் நம்ப முடியவில்லை, வேண்டாததற்கும் அதையே சொல்கிறார். வயிற்றில் உணவுக் குழாய் பொருத்துவதற்கு விரைவில் ஒப்புதல் கேட்கப் போகிறார்கள். அந்த முடிவை அவரிடமிருந்தே அறிய என்ன வழி?

மறுமொழி 1 (பேச்சு சிகிச்சையாளர்)

அவர் கம்பியைத் தட்டியதே ஒரு பதில்தான். அஃபேசியாவில் பாதிக்கப்படுவது மொழி; அறிவு அப்படியே இருக்கலாம். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளியால் "டான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்ல முடிந்தது, ஆயினும் பிறர் பேசியதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது.

ஆமாம், இல்லை இரண்டும் இடம் மாறுவது இந்நோயில் மிகவும் சாதாரணம். எனவே "வலி இருக்கிறதா?" என்று கேட்டுப் பதில் வந்தபின், சற்று நேரம் கழித்து "வலி இல்லாமல் இருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள், இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் அதைப் பதிலாகக் கொள்ள வேண்டாம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஆமாம், இல்லை இரண்டையும் எழுதியோ, சிரித்த முகமும் சுளித்த முகமும் வரைந்தோ இடக்கையால் தொட்டுக் காட்டச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணும் அளவுக்காவது காத்திருங்கள். பெரும்பாலோர் மூன்றாவது நொடியிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள், அவரோ முதல் கேள்விக்கே சொல் தேடிக்கொண்டிருப்பார். குரலை உயர்த்துவதால் பயனில்லை. ஆனால் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வழக்கமாக அணிபவராயின், அவை மேசை இழுப்பறையில் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

உணவுக் குழாயைப் பொறுத்தவரை, அது எங்கே பொருத்தப்படும், பொருத்தினால் என்ன, மறுத்தால் என்ன என்பதை மருத்துவரே அவருக்கு எளிய படங்களால் விளக்க வேண்டும். அதே கேள்வியை மறுநாளும் கேட்டு, பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பேச்சு சிகிச்சையாளர் உடனிருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (செவிலியர்)

எங்கள் தரப்புக் குறையை ஒப்புக்கொள்கிறேன். நேரமில்லை என்போம், அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, பணி மாறும்போது செய்தி தொலைந்துபோவது: காலையில் இருந்தவர் கற்றுக்கொண்டதை இரவில் வருபவர் அறியமாட்டார். ஆகவே அவருடைய தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். "என்னிடம் நேராகப் பேசுங்கள், எனக்குப் புரிகிறது, இருமுறை மாற்றிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் கையை விலக்குவேன்" என்ற அளவில் மூன்று வரி போதும். களைப்பு வந்தால் புரிதலும் பதிலும் குன்றும் என்பதால், முக்கியமான பேச்சை அவர் தெளிவாக இருக்கும் வேளைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (காது கேளாத தாயின் மகன்)

என் தாயாருக்கு நெடுங்காலம் நானே சைகை மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒருநாள் மருத்துவர் "புற்றுநோய்" என்று சொன்னபோது, நான் "கட்டி" என்று மட்டும் கைகாட்டினேன். அவர் வருந்தக்கூடாது என்ற எண்ணம்தான். ஆனால் அதனால் அவர் தன் நோய் இன்னதென்று அறியாமலே சிகிச்சைக்குச் சம்மதித்தார். அன்றிலிருந்து பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எந்த ஒப்புதலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, சைகை மொழி, பிரெய்ல், பெரிய எழுத்து, எளிய மொழி எல்லாவற்றையும் தகவல் தொடர்பு என்றே வரையறுக்கிறது. ஆகவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்

இன்று தாளில் ஓர் உடல் படம் வரைந்து கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு வலத் தோளில் விரலை வைத்தார். மாற்றிக் கேட்டபோதும் அங்கேயே வைத்தார். செவிலியர் அந்தக் கைக்குத் தலையணை வைத்துத் தாங்கல் கொடுத்திருக்கிறார். குழாயைப் பற்றி நாளைக் காலை மருத்துவர் அவரிடமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.