பேச்சு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்

27 வருடம் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தேன். அவைத்தலைவர் மேடைக்குக் கீழே இருக்கும் மேசைதான் என் இடம். அங்கே உட்கார்ந்தால் உறுப்பினர்களின் முகத்தைவிடக் கைகள்தான் அதிகம் கண்ணில் படும். பயந்துகொண்டு பேசுகிறவர் மேசை விளிம்பை விடமாட்டார்.

ஒரு நாள் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் கட்சி கொண்டுவந்த மசோதாவையே 11 நிமிடம் கிழிகிழியென்று கிழித்தார். எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்ட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் 'ஆம்' சொல்லுங்கள் என்றதும் அவர் உதடும் அசைந்தது. குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்பது எங்கேயும் பதிவாகாது. ஆனால் நான் நாலடி தூரத்தில் இருந்தேன்.

மாலையில் பேச்சின் படியைச் சரிபார்க்க வந்தார். வழக்கமாக இப்படிப் பேசியவர்கள் வந்து 'எதிர்க்கிறேன்' என்பதை 'கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்' என்று மாற்றிவிட்டுப் போவார்கள். இவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஐயா, கடைசியில ஆம்னு சொன்னீங்களே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. "பேச்சு என்னோடது தம்பி, ஓட்டு கட்சியோடது. என்னோடதுல மட்டும் யாரும் கை வைக்காம பாத்துக்குங்க" என்றார்.

கோழை என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 1985-ல் 52-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்த பிறகு, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, ஓட்டே போடாமல் ஒதுங்கினாலும் சரி, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். காசுக்குக் கட்சி மாறுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்த வலையை விரித்தார்கள். மனசாட்சிப்படி நிற்கிறவரும் அதே வலையில்தான் விழுகிறார். 1992-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, ஆட்சி நிலைக்குமா என்ற ஓட்டுக்கும் முக்கியமான கொள்கை விஷயங்களுக்கும் மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும் என்ற பொருளிலும் சொன்னது. நான் பார்த்தவரை சின்னத் திருத்தத்துக்குக்கூட கொறடாவின் தாள் வந்துகொண்டுதான் இருந்தது.

பணம், பதவி வாங்கிய கதைகள் இங்கே வேண்டாம், அது ஊருக்கே தெரியும். கொள்கை இருந்தும் வளைந்தவர், அல்லது கடைசிவரை வளையாதவர், அப்படிப்பட்டவரைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மனுக்காரி

வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று எங்கள் சங்கத்திலிருந்து ஒரே உறுப்பினரை ஒன்பது தடவை போய்ப் பார்த்திருக்கிறோம். ஐந்தாவது தடவையிலிருந்து அவரே வாசல்வரை வந்து கூட்டிப்போவார். மசோதாவில் 7-வது பிரிவு எங்களுக்கு உயிர். புகார் வந்தால் ஆய்வாளர் வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் அது. அது இல்லாவிட்டால் சம்பளம், விடுப்பு என்று என்ன எழுதி வைத்தாலும் காகிதம்தான்.

மசோதாவை வரி வரியாக ஆராயும் தெரிவுக்குழுவில் அதை விட்டுக்கொடுத்துவிட்டார். எங்களைக் கேட்கவும் இல்லை. விஷயம் தெரிந்ததும் மறுநாள் காலை ஆறு பேர் போய் நின்றோம். எங்களில் வயதில் மூத்தவர், "சார், எங்க வீட்டுக் கதவைச் சாத்துன மாதிரி சாத்திட்டீங்களே" என்றார். அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். அன்றைய அலுவல் பட்டியலின் பின்பக்கம். அதில் பென்சிலால் மூன்று வரி: 7-வது பிரிவு, ஓய்வூதிய நிதி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யார் கேட்டு விட்டுக்கொடுத்தார் என்பது. "இது கடன் கணக்கும்மா. ஏழாவது பிரிவை வச்சிருந்தா மசோதாவே அவைக்கு வந்திருக்காது. என்னைத் திட்டுங்க, ஆனா இந்தத் தாளை மறக்க விடாதீங்க" என்றார்.

நாங்கள் நம்பவில்லை. இப்படித் தாள் காட்டுகிறவர்கள் நிறைய. சங்கத்தில் அன்று மாலை முழுக்கச் சண்டை. ஒருத்தி அம்பேத்கரை எடுத்துப் பேசினாள். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள் என்பதும் ஒரு பெரிய காரணமாக 1951-ல் சட்ட அமைச்சர் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர் அவர், அப்படி இருக்க வேண்டும் ஆள் என்றாள். இன்னொருத்தி, அதே மசோதாவைத்தானே நேரு நாலு துண்டாக வெட்டி 1955-லும் 56-லும் நிறைவேற்றினார், துண்டாக வந்ததால்தானே நமக்கு விவாகரத்து உரிமையே கிடைத்தது என்றாள். முதலாமவள் விடவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று மத்தியச் சட்டம் சொன்னது எப்போது? 2005-ல். தமிழ்நாடு 1989-லேயே செய்துவிட்டது, மற்ற பல இடங்களில் எத்தனை பெண்கள் அதற்குள் கிழவியாகி, செத்தே போனார்கள் என்று கேட்டாள். யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கு இருவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, இன்றும் அப்படியே.

அந்த உறுப்பினர் அடுத்த முறையும் ஜெயித்தார். இரண்டாம் வருடத் திருத்தத்தில் ஒப்பந்த விதி வந்தது. நாலாம் வருடம் ஓய்வூதிய நிதி, கேட்டதில் பாதி. 7-வது பிரிவு வரவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது நாங்கள் கேட்காமலே அந்தத் தாளை எடுத்து வைத்தார். மடிப்பு கிழிந்து ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. இரண்டு வரி அடித்திருந்தது, ஒன்று அப்படியே இருந்தது.

முன்னாள் உதவியாளன்

மேலே இருப்பதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நான் நாலு வருடம் வேலை பார்த்தவரிடம் அப்படி ஒரு தாளே கிடையாது.

அவரும் கொள்கையோடு வந்தவர்தான், சத்தியமாக. மாணவப் பருவத்தில் சிறைக்குப் போனவர். முதல் தடவை கட்சிக்காகத் தன் நிலைப்பாட்டை மாற்றி ஓட்டுப் போட்டபோது, தொகுதி மக்களுக்கு ஒரு விளக்க அறிக்கை எழுதச் சொன்னார். நானும் அவரும் விடியவிடிய உட்கார்ந்து எழுதினோம். அவர் கண் சிவந்திருந்தது, தூக்கத்தால் மட்டும் இல்லை. "இந்த ஒரு தடவைதான்டா" என்றார். அந்தக் கோப்பைக் கணினியில் 'விளக்கம்' என்று சேமித்தேன்.

அப்புறம் விளக்கம் 2, விளக்கம் 3. ஐந்தாவதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பதாவதுக்குப் பத்து நிமிடம்: பழைய கோப்பைத் திறந்து, மசோதாவின் பெயரையும் தேதியையும் மாற்றினேன். 'கனத்த இதயத்துடன்' என்ற சொல் முதல் அறிக்கையிலிருந்து ஒன்பதுவரை அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "அண்ணே, ஒரு தடவை படிச்சிடுங்க" என்றேன். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். வேலையை விடலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த நொடியில்தான். விட இன்னும் எட்டு மாதம் ஆனது, நானும் ஒன்றும் உத்தமன் இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன காரணம் தவறாக இருந்ததில்லை. இன்று எதிர்த்தால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள், குழுவில் இருந்தால்தான் நாளைக்கு ஏதாவது செய்யலாம். சரிதானே? ஆனால் குழுவில் இருந்தபடி என்ன செய்தார் என்று யோசித்தால், குழுவில் நீடித்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பென்சில் தாள் இவரிடம் இருந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ.

இன்னொன்று. மனசாட்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது உஷார் வந்துவிடுகிறது. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று பிரதமர் இந்திரா காந்தி சொல்ல, வி.வி. கிரி ஜெயித்தார். அந்த வருடமே கட்சி இரண்டானது. மனசாட்சியை அவிழ்த்துவிட்டதே ஒரு கணக்குதான்.

மாடத்து நிருபர்

எதிர்ப்பக்கக் கதை ஒன்று. பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பார்த்தது.

பிரிவு வாக்கெடுப்பு. மணி அடித்து, கதவுகளைச் சாத்திவிட்டார்கள். அந்த மசோதாவுக்கு எதிராக எழுந்து நின்றவர் ஒரே ஒருவர், ஒரு பெண் உறுப்பினர். சுயேச்சை, அதனால் கொறடா பயம் இல்லை. சுற்றி அவ்வளவு பேரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் இருக்கும். எண்ணுகிற அலுவலர் வரிசை வரிசையாகப் போய், அவரிடம் வந்ததும் ஏனோ விரலை நீட்டி 'ஒன்று' என்று வாய்விட்டுச் சொன்னார். அவையில் சிரிப்பு. அந்த அம்மா அசையவில்லை. எனக்கு மேலே உட்கார்ந்தபடி உடம்பு சிலிர்த்தது. மறுநாள் எங்கள் பத்திரிகையில் முதல் பக்கம்.

பல வருடம் கழித்து, அவர் அரசியலை விட்ட பிறகு, பேட்டிக்குப் போனேன். அந்த நாளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "நின்னது சரிதான். அதுக்கு முன்னாடி உட்கார வேண்டிய இடத்துல உட்காராததுதான் தப்பு" என்றார். அந்த மசோதா தெரிவுக்குழுவில் இருந்தபோது அவருக்கு அழைப்பு இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட மசோதாவைத் தொடுவதே பாவம் என்று போகவில்லை. குழுவில் ஒரே ஒரு வரியை மாற்ற இரண்டு பேர் தயாராக இருந்தார்களாம், மூன்றாவது ஆள் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த வரியால் பிறகு யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். பேட்டியில் அந்தப் பகுதியைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இங்கே அடையாளம் இல்லாமல் எழுதுகிறேன்.

தனியாக நிற்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஹெலன் சுஸ்மன் 1961-லிருந்து 1974 வரை 13 வருடம் தன் கட்சியின் ஒரே உறுப்பினராக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டதோடு அவர் நிற்கவில்லை. கேள்வி மேல் கேள்வியாகப் போட்டு, நிறவெறி அரசின் வாயிலிருந்தே கைது எண்ணிக்கையையும் கட்டாய இடமாற்றக் கணக்கையும் பதிவேட்டில் ஏற்றினார். உறுப்பினர் என்ற உரிமையில் சிறைகளுக்குள் போய்ப் பார்த்தார், ராபன் தீவில் மண்டேலாவையும் சந்தித்தார். அந்த அவையையே நிராகரித்து அவர் வெளியே போயிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

வரலாற்று ஆசிரியை

பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, மன்னிக்கவும், சுருக்கெழுத்தர் ஐயா! ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருடா வருடம் சண்டை போடும் கதை இது.

அடிமை வணிகத்தை ஒழிக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் 1791-ல் கொண்டுவந்த தீர்மானம் 163-க்கு 88 என்று தோற்றது. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார், திரும்பத் திரும்பத் தோற்றார். 1806-ல் ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற வழக்கறிஞரின் யோசனைப்படி வேறு மாதிரி ஒரு சட்டம் வந்தது: எதிரி நாடு உட்பட அந்நிய நாடுகளின் காலனிகளுக்கு பிரிட்டிஷ்காரர்கள் அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாது. பார்க்க வெறும் போர்க்கால ஏற்பாடு. வில்பர்ஃபோர்ஸ் வாயைத் திறந்தால் எதிரிகளுக்குப் புரிந்துவிடும் என்று அவரே அடக்கி வாசித்தார். வணிகத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. அடுத்த வருடம் முழுத் தடை, 283-க்கு 16.

பிள்ளைகளில் பாதிப் பேர் இது ஏமாற்று என்பார்கள். ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அவர் சும்மா இருந்த அந்த நாளைக்கு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்?" புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்

ஆசிரியை அம்மாவுக்கு விலக்கு உண்டு. உதவியாளன் தம்பி, 'கனத்த இதயத்துடன்' என்பதை நானும் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். சுருக்கெழுத்தில் அதற்கு நானே ஒரு கோடு வைத்திருந்தேன்.

உறுப்பினர் மகள்

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த மசோதாவை அவர் ஏற்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி போகும். அவர் போனால் அந்த இடத்துக்கு வரக் காத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும். போகாமல் இருந்தாலும் உத்தரவை மீறியதுதான். அதனால் மருத்துவச் சான்றிதழ். நெஞ்சு வலி, ஓய்வு தேவை. எழுதிக் கொடுத்த மருத்துவர் அவருடைய பழைய நண்பர், எதுவும் கேட்கவில்லை.

ஓட்டெடுப்பு அன்று காலை அப்பா வழக்கம்போல் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, காலணியும் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் நேரலை. நாலு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், முதுகு நாற்காலியில் சாயவில்லை. உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அப்பா பெயர் வந்தது. அவையில் பதில் இல்லை. வாசித்தவர் இரண்டாவது முறையும் கூப்பிட்டார்.

"இல்லை" என்றார் அப்பா, தொலைக்காட்சியைப் பார்த்து. சமையலறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கியதும் குனிந்து காலணி முடிச்சை அவிழ்த்தார். ஒன்று அவிழ்ந்தது. இன்னொன்று இறுகிப்போய் வரவில்லை, நான்தான் போய் அவிழ்த்துவிட்டேன்.