முதலாம் வருசத்துக்கு எந்த மட்ஸ், எந்த பிசிக்ஸ்? அவசரம்!

கமலாக்கா:
மகளுக்கு ரொறன்ரோ யூனிவேர்சிட்டி கிடைச்சிருக்கு, சயன்ஸ். நாளைக்குக் காலமை பாடம் பதியவேணும். கல்குலஸ் எண்டே நாலைஞ்சு கிடக்கு, பிசிக்ஸ் ரெண்டு. லேசானதை எடுக்கட்டோ எண்டு கேக்கிறாள். கெதியாச் சொல்லுங்கோ.

வடலி:
எந்தக் கம்பஸ் அக்கா? டவுன்ரவுணோ, ஸ்காபரோவோ, மிசிசாகாவோ? பாட இலக்கமெல்லாம் வேற வேற.

கணக்குவாத்தி:
இதையெல்லாம் இணையத்தில கேக்கிறதோ? பாடத்திட்டத்தை ஒருக்கா வாசிச்சால் விளங்கும். நிறுவலோட வாற கல்குலஸ், மாட் 137, எடுக்கச் சொல்லுங்கோ. 157 இன்னும் திறம். நிறுவல் தெரியாமல் சயன்ஸ் என்னத்துக்கு?

முருங்கையிலை:
வாத்தியார், அது டவுன்ரவுண் பாடம். அக்கா இன்னும் கம்பஸே சொல்லேல்லை. பிள்ளை என்ன மேஜர் செய்யப்போறா?

கமலாக்கா:
ஸ்காபரோ. பிசிக்ஸ் எண்டவள், இப்ப கொம்பியூட்டரும் எண்டுறாள்.

வடலி:
அப்ப லேசானதைத் தொடவேண்டாம். மாட் ஏ29 கல்குலஸ் உயிரியல் பக்கம் போற பிள்ளையளுக்கு. பிசிக்ஸில ஏ11உம் அப்பிடித்தான். ரெண்டாம் தவணை பிஸ் ஏ21 எடுக்க, பிஸ் ஏ10ஓட மாட் ஏ30 அல்லது ஏ31 முடிச்சிருக்கவேணும். ஏ29ஓட போனால் பதிய விடாது. தனிய பிசிக்ஸுக்கு ஏ30 காணும். கொம்பியூட்டர் சயன்ஸ் எண்டால் ஏ31 தான்.

முருங்கையிலை:
ஏ31 எண்டால் நிறுவல் கேப்பாங்கள் எண்டு பிள்ளைக்கு முதலே சொல்லி வையுங்கோ. நான் கிறேட் 12இல 94 எடுத்திட்டுத் துள்ளிக்கொண்டு போனனான். எக்ஸ் 2ஐ நெருங்க 3எக்ஸ்+1 ஏழை நெருங்குது எண்டு நிறுவச் சொன்னாங்கள். 2ஐப் போட்டு 7 எண்டு எழுதினன். சைபர்! எப்சிலன் (விடை ஏழிலயிருந்து விலகக்கூடிய தூரம்) எவ்வளவு சின்னனாத் தந்தாலும், டெல்டா (எக்ஸ் 2இலயிருந்து விலகக்கூடிய தூரம்) அதில மூண்டில ஒண்டு எடுத்தால் சரிவரும் எண்டு காட்டவேணுமாம். அது பிடிபட ஒக்ரோபர் ஆச்சு.

கணக்குவாத்தி:
ஊரில ஏஎல்லுக்கு கொம்பைன்ட் மட்ஸ் (இணைந்த கணிதம்) செய்த பிள்ளையளுக்கு இதெல்லாம் தூசு.

வடலி:
கொம்பைன்ட் மட்ஸில எப்சிலன் எங்க கிடந்தது? கப்பிக் கணக்கும் சார்பு வேகமும் பிஸ் ஏ10க்கு உதவும், நிறுவலுக்கு இல்லை.

கணக்குவாத்தி:
கல்குலேட்டர் இல்லாமல் பெருக்கத் தெரியாததுகள் கதைக்குதுகள்.

முருங்கையிலை:
கொம்பைன்ட் மட்ஸ் செய்த என்ர மச்சானும் ஏ31இல முழிச்சவர்தான், வாத்தியார்.

கமலாக்கா:
பிஸ் ஏ10 கிடைச்சிட்டுது. மாட் ஏ31க்குக் காத்திருப்புப் பட்டியலில 14ஆவது ஆள். நன்றி பிள்ளையள்.

வடலி:
இடம் வருமட்டும் ஏ30ஐயாவது பதிய விடுதோ எண்டு பாருங்கோ அக்கா. மற்ற மட்ஸ் பாடம், லினியர் அல்ஜிப்ரா, ஏ22ஓ ஏ23ஓ?

வடலி:
அக்கா?