அம்மா போனில் சுகர் ஆப், மருந்து ஆப் சத்தம்: எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

திருமங்கலத்தான்:

அம்மாவுக்கு வயது 67. மூணு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின், ராத்திரி 9 மணிக்கு நாள் முழுக்க வேலை செய்யுற இன்சுலின் ஒண்ணு. கையில் சர்க்கரை அளக்கிற ப்ளூடூத் சென்சார் ஒட்டியிருக்கு. போன் ஆண்ட்ராய்டு 13. அதில் நாலு ஆப்: சென்சார் ஆப், மாத்திரை நேரம் சொல்ற ஆப், மருந்து ஆர்டர் பண்ற ஆப், ஒரு ஆஸ்பத்திரி ஆப்.

மருந்து ஆர்டர் ஆப் நாள் முழுக்க தள்ளுபடி, தள்ளுபடின்னு கத்துது. சென்சார் ஆப் விடியக்காலை 2 மணிக்கு சர்க்கரை "லோ"ன்னு அலறுது, சில நாள் "சிக்னல் இல்லை"ன்னு அலறுது. தொல்லை தாங்காம அம்மா போனையே சைலன்ட்ல போட்டுட்டாங்க. இப்ப 9 மணி இன்சுலின் நினைவூட்டலும் கேட்கலை. இன்னொண்ணு, பெரியார் பஸ் ஸ்டாண்ட் போற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்க, பூட்டின திரையிலேயே மருந்து பேரெல்லாம் வந்து நிக்குது. எதை எங்க போய் மாத்தணும்?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்:

ஆப்பை மொத்தமா ஊமையாக்குறது வேற, அதுக்குள்ள ஒரு வகையை மட்டும் ஊமையாக்குறது வேற. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து நோட்டிபிகேஷனை வகை பிரிச்சுத்தான் ஆப் அனுப்பணும். செட்டிங்ஸ், ஆப்ஸ், மருந்து ஆப், நோட்டிபிகேஷன்ஸ்னு போங்க. மேல இருக்கிற பெரிய சுவிட்சைத் தொடாம கீழே இறங்குங்க. ஆஃபர், ஆர்டர் நிலவரம், ரீஃபில்னு தனித்தனிப் பட்டன் இருக்கும். ஆஃபரை மட்டும் அணைங்க. ஒரு தடவை நீங்க அணைச்ச வகையை ஆப் தானா உயிர்ப்பிக்க முடியாது. ஆனா அப்டேட் வரும்போது புதுப் பேர்ல இன்னொரு வகையைத் திறந்துக்கலாம், சில ஆப் அந்த வேலையைச் செய்யும். அதனால பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இந்தப் பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டாலும் எல்லாம் பழையபடி ஆயிரும்.

9 மணி நினைவூட்டல் ஏன் கேட்கலைன்னா, போனில் ரிங் சத்தம், நோட்டிபிகேஷன் சத்தம், அலாரம் சத்தம் எல்லாம் வேற வேற பாதை. சைலன்ட் போட்டா முதல் ரெண்டும் அடைபடும், அலாரம் பாதை திறந்தே இருக்கும். உங்க மாத்திரை ஆப் நோட்டிபிகேஷன் பாதையில வருது போல. ஆப் செட்டிங்ஸ்ல "அலாரமாக ஒலிக்க"ங்கிற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 9 மணி இன்சுலினுக்கு மட்டும் போனோட கடிகார ஆப்பிலேயே தினசரி அலாரம் வச்சு "ராத்திரி இன்சுலின்"னு பேர் எழுதிருங்க. அப்புறம் வால்யூம் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினா வர்ற பட்டையை விரிச்சு, கடிகாரப் படம் போட்ட கோடு அடியில கிடக்கான்னு பாருங்க. அலாரம் அடிக்கலைன்னு வர்ற போன்ல பாதி இந்தக் கோடு அடியில கிடக்கிற கேஸ்தான்.

அடுத்தது பேட்டரி மிச்சம் பண்றேன்னு போன் ஆப்பைத் தூங்க வைக்கிறது. ரெட்மி, போக்கோன்னா ஆப் இன்ஃபோவில் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் பண்ணுங்க, பேட்டரி சேவர்ல "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" வைங்க. சாம்சங்ல "நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியல்ல சேர்க்கணும். விவோ, ஒப்போவில் பேர் மாறும், விஷயம் அதேதான்: பின்னணியில ஓட அனுமதி. ஆண்ட்ராய்டு 12-ல இருந்து "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்"னு தனி அனுமதி ஒண்ணு ஸ்பெஷல் ஆப் ஆக்செஸ்ல இருக்கு. அது இல்லைன்னா 9 மணிக்கு அடிக்க வேண்டியது தள்ளிப்போய் அடிக்கும். இதெல்லாம் சென்சார் ஆப், மாத்திரை ஆப் ரெண்டுக்கு மட்டும் போதும். மருந்து கடை ஆப் நல்லா தூங்கட்டும்.

மேலூர் சென்சார்:

சென்சார் ஆப் விஷயத்தில் சத்தத்தைக் குறைக்கிறதுக்கு முன்னால, ஏன் கத்துதுன்னு பாருங்க.

விடியக்காலை லோ ரெண்டு வகை. ஒண்ணு நிஜ லோ. இன்னொண்ணு சென்சார் ஒட்டின கை மேலயே படுக்கிறதால வர்ற பொய் லோ. அந்த இடம் அமுங்கினதும் அங்க திரவ ஓட்டம் குறைஞ்சு அளவு கீழே இறங்கும், புரண்டு படுத்ததும் தானா ஏறும். கிராஃப்ல நேரா கிணறு மாதிரி விழுந்து நேரா ஏறியிருந்தா அதுவாத்தான் இருக்கும். அடுத்த சென்சாரை அம்மா படுக்காத பக்கத்துக் கையில் ஒட்டுங்க. புதுசா ஒட்டின முதல் நாளும் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். சென்சார் அளக்கிறது தோலுக்கடியில இருக்கிற திரவத்தை, ரத்தத்தை இல்ல. சர்க்கரை வேகமா ஏறும்போதோ இறங்கும்போதோ சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும்.

எது எப்படியோ, ராத்திரி அடிச்சா பொய்னு நினைச்சு அணைச்சுட்டுப் படுக்க வேண்டாம். விரல்ல குத்தி குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழே இருந்தா 15 கிராம் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணியில கலந்து குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா திரும்பவும் அதே அளவு. (ஜிகர்தண்டா வேண்டாம். பால், கொழுப்பு சேர்ந்தா சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும்.) மயக்கமா, முழுங்க முடியாம இருந்தா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க. விரல்ல பார்த்தும் வாரத்தில் ரெண்டு மூணு ராத்திரி நிஜமாவே 70-க்குக் கீழே போச்சுன்னா அது ராத்திரி இன்சுலின் அளவு பிரச்சனையா இருக்கலாம். அந்த கிராஃபோட சுகர் டாக்டரைப் பாருங்க.

உங்க சென்சார் லிப்ரே 2-ன்னா, அதோட ஆப்ல லோ அலாரத்தை 60-ல இருந்து 100 வரைக்கும், ஹை அலாரத்தை 120-ல இருந்து 400 வரைக்கும் வச்சுக்கலாம். யாராவது ஆர்வத்தில் லோவை 90-லயோ ஹையை 180-லயோ வச்சிருந்தா தினமும் கத்தத்தான் செய்யும், காலையில பொங்கல் வடை சாப்பிட்டா 180 தாண்டாம என்ன செய்யும்? ஹை அலாரத்தை எங்க வைக்கிறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு ஏத்திக்கலாம், ராத்திரி மட்டும் அணைக்கலாமான்னும் கேட்கலாம். இன்சுலின் போடுறவங்களுக்கு லோ அலாரத்தை அணைக்காதீங்க.

"சிக்னல் இல்லை"ங்கிறது 20 நிமிஷம் சென்சாரும் போனும் பேசிக்கலைன்னா வர்றது. தடையில்லாத இடத்தில் ப்ளூடூத் எட்டுறது 6 மீட்டர் அளவுதான். அம்மா உள்ரூம்ல, போன் ஹால்ல சார்ஜ்ல இருந்தா நடுச்சுவர் போதும். தலைமாட்டுல வச்சே சார்ஜ் போடுங்க. சமீபத்திய ஆப் வரிசையில சென்சார் ஆப்பை மேலே தள்ளி மூடுற பழக்கம் இருந்தா அதையும் விடச் சொல்லுங்க. மூடினா அலாரமும் போச்சு.

கோச்சடைப்பக்கம்:

இவ்வளவு எதுக்குங்க? எல்லா ஆப்பையும் தூக்கிட்டு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் குடுங்க.

மேலூர் சென்சார்:

மாத்திரைக்கு சரிதாங்க. தூக்கத்தில் 55-க்கு இறங்கினா கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்?

எஸ்எஸ் காலனி:

பூட்டின திரை விஷயம்: செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், லாக் ஸ்கிரீன். அங்க "உள்ளடக்கத்தை மறை"ன்னு வச்சா ஆப் பேர் மட்டும் தெரியும், மருந்து பேர் தெரியாது. சத்தம் வழக்கம்போல வரும். மாத்திரை ஆப் சிலதுல மருந்துக்குப் பட்டப்பேர் வைக்கலாம், "காலை 1", "ராத்திரி ஊசி"ன்னு வச்சா இன்னும் நல்லது.

தள்ளுபடி எஸ்எம்எஸ்ஸும் வந்தா ஆங்கிலத்தில் ஸ்டார்ட்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்புங்க. விளம்பர மெசேஜ் நிக்கும். ஓடிபி, லேப் ரிப்போர்ட் தயார்ங்கிற மாதிரி சேவை மெசேஜ் நிக்காது.

திருமங்கலத்தான்:

ரொம்ப நன்றி. ஆட்டோஸ்டார்ட் அணைஞ்சுதான் இருந்துச்சு, அலாரம் கோடும் அடியில கிடந்துச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். ஆஸ்பத்திரி ஆப்ல "ஜெனரல்"னு ஒரே ஒரு வகைதான் இருக்கு, அதுலயே அப்பாயின்ட்மென்ட்டும் முகாம் விளம்பரமும் வருது. அப்புறம் கோயம்புத்தூர்ல இருக்கிற அக்கா ஐபோன்ல அம்மாவோட லோ அலாரம் வரணும்.

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்:

ஒரே வகைன்னா பிரிக்க வழியில்ல. அணைக்காம "சைலன்ட்" ஆக்குங்க, சத்தமில்லாம கீழே போய் உட்கார்ந்திருக்கும், வேணும்கிறப்ப இழுத்துப் பார்க்கலாம். அப்பாயின்ட்மென்ட் தேதியைக் காலண்டர்ல நீங்களே ஏத்திருங்க.

மேலூர் சென்சார்:

அக்காவுக்குப் பின்தொடர்ற ஆப் தனியா இருக்கு, அம்மா ஆப்ல இருந்து அழைப்பு அனுப்பணும். ஐபோன்ல "கிரிட்டிக்கல் அலர்ட்ஸ்" அனுமதி கேட்டா குடுக்கச் சொல்லுங்க. ஆப்பிள் தனியா ஒப்புதல் குடுத்த ஆப்புக்குத்தான் அது கிடைக்கும், சைலன்ட், ஃபோகஸ் (ஐபோனோட "தொந்தரவு வேண்டாம்" நிலை) எதையும் தாண்டி அடிக்கும். அந்த அனுமதியைக் கேட்கவே இல்லைன்னா ராத்திரி ஃபோகஸ் பட்டியல்ல இந்த ஆப்பை விலக்கா சேர்த்துருங்க.

ஒண்ணு மறந்துராதீங்க. சென்சார்ல இருந்து அம்மா போனுக்கு வர்றது ப்ளூடூத்ல, அங்கிருந்து அக்காவுக்குப் போறது இன்டர்நெட்ல. படுக்கும்போது அம்மா டேட்டாவை அணைச்சா அம்மா போன் அடிக்கும், அக்கா போன் அடிக்காது.

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்:

எல்லாம் மாத்தின பிறகு சோதிக்கணும். ரெண்டு நிமிஷத்தில் அடிக்கிற மாதிரி வச்சுப் பார்த்தா ஏமாந்துருவீங்க, போன் முழிச்சே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, சைலன்ட் போட்டு, திரையைப் பூட்டி, ஒரு மணி நேரம் தள்ளி நினைவூட்டல் வச்சு மேசை மேல விட்டுருங்க. அசையாம கிடந்தாத்தான் போன் அசந்து தூங்கும். அந்த நிலையிலும் அடிச்சா ராத்திரியும் அடிக்கும்.